பழைய சோபாவை எங்கே கொண்டுபோய் வைப்பது? அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோலாலம்பூர்: தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில் நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளின் குப்பை அறைப் பக்கம் போனால், வாசலில் ஒரு சோபா கிடக்கும். பக்கத்தில் கதவு கழன்ற துணி அலமாரி. சுவரோடு சாய்த்து வைத்த, நடுவில் குழி விழுந்த மெத்தை. புதிய சாமானை இறக்கிய லோரி, பழையதை ஏற்றிக்கொண்டு போகவில்லை. யாராவது வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்து வீட்டுக்காரர் அங்கே வைத்திருப்பார். அன்று மாலை மழை பெய்யும். மறுநாள் அந்தச் சோபாவை யாரும் தொடமாட்டார்கள்.

தளவாடப் பொருள் வாங்குவது இன்று எளிது. தவணைமுறை உண்டு, வீட்டு வாசல் வரை கொண்டுவந்து பொருத்தியும் கொடுக்கிறார்கள். அகற்றுவதுதான் சிரமம். யாரைக் கேட்பது, எவ்வளவு செலவாகும், எங்கே வைத்தால் குற்றம் என்பதெல்லாம் பலருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. தெரியாததால் சாமான் படிக்கட்டில் நிற்கிறது, கூரையில் நனைகிறது. சில வேளைகளில் சன்னல் வழியாகக் கீழே போகிறது.

கொல்லைப்புறம் இல்லாத வீடு

தோட்டத்து லயத்து வீட்டில் இது ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. கால் உடைந்த கட்டில் கொல்லைக்குப் போகும். பலகை கோழிக்கூண்டாகும், மிச்சம் அடுப்புக்கு விறகாகும். நல்ல நிலையில் இருக்கும் மேசை என்றால் அடுத்த லயத்தில் புதிதாகக் குடும்பம் தொடங்கியவர்களுக்குப் போய்ச் சேரும். சாமானும் அப்போது குறைவு. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மர அலமாரி, இரண்டு பாய் என்று வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரத்துக்கு வந்தபோது, பலருக்குக் கிடைத்தது அடுக்குமாடி வீடு. மக்கள் வீடமைப்புத் திட்டமான பிபிஆர் வீடு ஒன்றின் பரப்பளவு ஏறக்குறைய 700 சதுர அடி. அதற்குள் மூன்று படுக்கையறை, கூடம், சமையலறை எல்லாம் அடங்க வேண்டும். பிள்ளைகள் வளர வளரக் கட்டில் மாறும், படிப்பு மேசை வரும், தொலைக்காட்சி பெரிதாகும். பழையதை ஒதுக்கி வைக்க அங்கே கொல்லையும் இல்லை, கொட்டகையும் இல்லை. வீட்டு வாசலுக்கு வெளியே இருப்பது நடைபாதை, அதைத் தாண்டினால் படிக்கட்டு. இரண்டும் பொது இடம்.

எனவே அடுக்குமாடியில் ஒரு சாமானை அகற்றுவது என்றால் அதை வாசலுக்கு வெளியே தள்ளிவிடுவது ஆகாது. வாசலிலிருந்து லோரி வரை, அதை வாங்கிக்கொள்ளும் ஒருவர் கைக்கு அது போய்ச் சேரும்வரை, பொறுப்பு வீட்டுக்காரருடையதுதான்.

ஒரு நாற்காலி பறித்த உயிர்

இந்தப் பொறுப்பை ஒருவர் கைவிட்டால் என்ன நடக்கும் என்பதைத் தலைநகரத் தமிழர்கள் மறந்திருக்க முடியாது. 2018ஆம் ஆண்டு பொங்கலுக்கு மறுநாள், ஜனவரி 15ஆம் தேதி இரவு. பந்தாய் டாலாமில் உள்ள ஸ்ரீ பந்தாய் பிபிஆர் குடியிருப்பில், தாயுடன் கடைக்குப் போய்த் திரும்பிய 15 வயது மாணவன்மீது மேலிருந்து ஓர் அலுவலக நாற்காலி விழுந்தது. அந்த இடத்திலேயே அவன் உயிர் போனது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். 15ஆவது மாடி என்பது ஏறக்குறைய 45 மீட்டர் உயரம். அங்கிருந்து விழும் கனமான பொருள் தரையைத் தொட மூன்று வினாடிதான் ஆகும். தொடும்போது அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரை எட்டியிருக்கும். கீழே நடப்பவர் நிமிர்ந்து பார்த்து விலக நேரமே இல்லை. நாற்காலி வேண்டாம், ஒரு மேசைக்கால் போதும்.

கவனக்குறைவால் பிறருக்கு மரணம் விளைவிப்பது தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவின்கீழ் குற்றம். யார்மீதும் விழாவிட்டாலும், பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி நடந்துகொள்வதே 336ஆவது பிரிவின்கீழ் குற்றம். “கீழே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் போட்டேன்” என்பது சமாதானம் ஆகாது. தடுப்புச் சுவரின் விளிம்பில் சாய்த்து வைத்த பலகை, நடைபாதைக் கம்பியில் தொங்கவிட்ட பழைய பாய், குளிர்சாதன இயந்திரத்தின் மேல் ஏற்றி வைத்த நாற்காலி ஆகியவையும் காற்றடித்தால் கீழே வரக்கூடியவையே.

படிக்கட்டில் வைத்தால் என்ன?

படிக்கட்டு, தீப்பற்றினால் எல்லாரும் தப்பிக்கும் வழி. தீ ஏற்பட்டால் மின்தூக்கியைப் பயன்படுத்தக்கூடாது என்பது நமக்குத் தெரியும். அப்போது எட்டாவது மாடியில் இருக்கும் முதியவரும் கைக்குழந்தையோடு இருக்கும் தாயும் இறங்க வேண்டியது அந்தப் படிக்கட்டில்தான். சோபாவுக்குள்ளும் மெத்தைக்குள்ளும் இருக்கும் பஞ்சு பெரும்பாலும் பாலியூரித்தேன் எனப்படும் செயற்கை நுரை. தீப்பற்றினால் மளமளவென்று எரியும். அதிலிருந்து வரும் கரும்புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் உண்டு. நெருப்பு நெருங்கும் முன்பே புகை ஆளை வீழ்த்திவிடும். அணைக்காத ஒரு சிகரெட் துண்டு போதும், படிக்கட்டே புகைக்கூண்டாகிவிடும்.

அடுத்தது ஏடிஸ் கொசு. திறந்த வெளியில் கிடக்கும் மேசை இழுப்பறை, கவிழ்ந்த பிளாஸ்டிக் நாற்காலி, மெத்தையைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையின் மடிப்பு என எதில் தண்ணீர் தேங்கினாலும் அங்கே முட்டை இடும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரியும். டிங்கிக் காய்ச்சல் பரவிய இடங்களில் சுகாதார அதிகாரிகள் வீட்டுக்குள் மட்டுமன்றிக் குப்பை அறையின் பின்பக்கத்தையும் சோதிப்பது இதனால்தான்.

சொந்த அடுக்குமாடி வீடுகளுக்கு 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் பொருந்தும். அதன்கீழ் உள்ள விதிமுறைகள், பொது இடத்தை மறிக்கும் வகையில் சாமான் வைப்பதைத் தடுக்கின்றன. விதியை மீறுவோருக்கு 200 ரிங்கிட் வரை அபராதம் விதிக்க நிர்வாகக் குழுவுக்கு வழி உண்டு. சுமப்பவரைக் கூப்பிடப் பணம் இல்லை என்று படிக்கட்டில் வைத்தவர், கடைசியில் அந்தப் பணத்தை அபராதமாகக் கட்ட நேரிடலாம்.

போகியன்று பழையதைக் கொளுத்தும் வழக்கத்தை நினைத்து, காலி நிலத்தில் போட்டு எரிப்பதும் கூடாது. 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் திறந்தவெளி எரிப்பு குற்றம். பசையும் சாயமும் நுரையும் கலந்த இன்றைய சாமானை எரிப்பது, அந்தக் காலத்தில் பழைய பாயை எரித்ததைப் போன்றதல்ல.

யார் வந்து எடுப்பார்கள்?

பதில் நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. 2007ஆம் ஆண்டு திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் 2011 செப்டம்பர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. கோலாலம்பூர், புத்ராஜெயா, பகாங் ஆகிய இடங்களில் ஆலம் ஃபுலோரா, நெகிரி செம்பிலான், மலாக்கா, ஜொகூரில் எஸ்டபிள்யூஎம் என்விரோன்மெண்ட், கெடா, பெர்லிசில் இ-இடாமான் என மூன்று நிறுவனங்கள் குப்பை எடுக்கின்றன. அவற்றைக் கண்காணிப்பது எஸ்டபிள்யூ கோர்ப் எனப்படும் கழகம். சிலாங்கூர், பினாங்கு, பேராக் போன்ற மாநிலங்கள் அந்த ஏற்பாட்டில் சேரவில்லை. அங்கே குப்பை ஊராட்சி மன்றங்களின் பொறுப்பு. சிலாங்கூரில் அந்த வேலையைக் கேடிஇபி வேஸ்ட் மேனேஜ்மெண்ட் நிறுவனம் செய்கிறது.

அந்தச் சட்டம் நடப்பில் உள்ள இடங்களில் தரை வீடுகளுக்கு “இரண்டும் ஒன்றும்” என்ற முறை உண்டு. வாரத்தில் இரண்டு நாள் வழக்கமான வீட்டுக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள், தோட்டக் குப்பை, பெரிய சாமான். இந்தப் பெரிய சாமானைத்தான் மலாயில் ‘சீசா புக்கால்’ என்கிறார்கள். சோபா, கட்டில், அலமாரி, மெத்தை எல்லாம் இதில் சேரும். தரை வீட்டுக்காரர் குறித்த நாளில் வாசலில் வைத்தால் போதும்.

அடுக்குமாடியில் லோரி உங்கள் வாசலுக்கு வராது. அது வருவது பொதுக் குப்பை மையம் வரைதான். தினசரி வரும் அமுக்கி லோரி, பைகளில் கட்டிய குப்பைக்கானது. முழுக் கட்டிலை அதில் ஏற்ற மாட்டார்கள். எனவே முதல் தொலைபேசி அழைப்பு உங்கள் குடியிருப்பின் நிர்வாக அலுவலகத்துக்குத்தான் இருக்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு:

பெரிய சாமானுக்கு எந்த நாள் லோரி வரும்?
அதை எங்கே வைக்க வேண்டும், எத்தனை மணிக்கு முன்?
அதற்குத் தனிக் கட்டணம் உண்டா?
சாமான் இறக்க மின்தூக்கியை முன்பதிவு செய்ய வேண்டுமா?

பல குடியிருப்புகளில் மின்தூக்கிச் சுவருக்குத் துணி போர்த்தி, குறித்த நேரத்தில் மட்டுமே சாமான் இறக்க விடுவார்கள். சில இடங்களில் வைப்புத்தொகையும் கேட்பார்கள். சாமானைச் சுமக்க ஆள் வந்து நின்ற பிறகு இதைத் தெரிந்துகொண்டால் கூலி வீண். கோலாலம்பூர் மாநகராட்சி மன்றத்தின் பிபிஆர் வாடகை வீடுகளில் இருப்போர், அந்தக் குடியிருப்பில் உள்ள மன்ற அலுவலகத்தைக் கேட்க வேண்டும்.

கொடுக்கலாம், எதைக் கொடுப்பது?

குப்பை லோரிக்கு முன்னால் யோசிக்க வேண்டியது, இதை இன்னொருவர் பயன்படுத்த முடியுமா என்பது. சால்வேஷன் ஆர்மி, கம்யூனிட்டி ரீசைக்கிள் ஃபார் செரிட்டி, செகாம்புட்டில் உள்ள ஸ்ரீ சினார் அறநிறுவனம் போன்ற அமைப்புகள் பழைய பொருள்களைப் பெற்று, விற்று, அந்தப் பணத்தை அறப்பணிகளுக்குச் செலவிடுகின்றன. எந்தப் பொருளை ஏற்பார்கள், வீட்டுக்கே வந்து எடுப்பார்களா என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும். முன்கூட்டியே படம் எடுத்து அனுப்பிக் கேட்பது நல்லது. பொதுவாகக் கறை படிந்த மெத்தை, கிழிந்த சோபா, கதவு கழன்ற அலமாரி ஆகியவற்றை ஏற்கமாட்டார்கள். அவர்களும் அதைக் குப்பைக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும், செலவு மட்டும் அவர்கள் தலையில் விழும்.

கோயிலுக்கும் முதியோர் இல்லத்துக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் கொடுக்க நினைப்பவர்களும் இதையே மனத்தில் கொள்ளலாம். கேட்காமல் லோரியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கினால், வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். சாமான் மண்டபத்தின் பின்பக்கத்தில் கிடக்கும்.

“தோட்டத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிடலாம், அங்கேதான் இடம் இருக்கிறதே” என்பதும் நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு. அவருக்கு வேண்டுமா என்று கேட்டு அனுப்புவது உதவி. கேட்காமல் அனுப்புவது, நம் குப்பையை அவர் வாசலில் இறக்குவது. தோட்டம் தனியார் நிலம். குப்பை எடுப்பது பல தோட்டங்களில் நிர்வாகத்தின் பொறுப்பாகவே இருக்கிறது, ஊராட்சி மன்ற லோரி உள்ளே வருவதில்லை. நகரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்திருக்கக்கூடிய வேலை, அங்கே வருடக்கணக்கில் கொல்லையில் நிற்கும்.

மூட்டைப்பூச்சி இருந்தால் மட்டும் நிலைமை வேறு. மெத்தையின் தையல் ஓரம், கட்டில் சட்டத்தின் இணைப்பு, சோபாவின் அடித்துணி ஆகியவற்றை விளக்கு அடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் சிந்தியதுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தால் அந்தச் சாமானை யாருக்கும் கொடுக்காதீர்கள். இரத்தம் குடிக்காமலே மாதக்கணக்கில் உயிர் வாழும் பூச்சி அது. ஒரு நாள் வெயிலில் போட்டால் மேல்துணிதான் சுடும், உள்ளே ஒளிந்திருப்பது சாகாது. பிளாஸ்டிக் தாளில் முழுவதும் சுற்றி, ஒட்டுநாடா போட்டு, “மூட்டைப்பூச்சி உள்ளது, எடுக்க வேண்டாம்” என்று பெரிய எழுத்தில் மலாயிலும் தமிழிலும் எழுதி, லோரி வரும் நாளன்று மட்டும் கீழே இறக்குங்கள். அதை எடுத்துப்போகக் கூடியவர், காசு கொடுத்துப் புதிய மெத்தை வாங்க முடியாத ஒருவராகத்தான் இருப்பார்.

விற்க நினைத்தால்

மூடா, கேரோசல், முகநூல் சந்தை ஆகிய தளங்களில் பழைய தளவாடப் பொருள் விற்பனை சூடாகவே நடக்கிறது. விற்பதற்கு முக்கியமானது நேரம். புதிய சோபா நாளை வருகிறது என்று இன்று விளம்பரம் போட்டால் வாங்குபவர் வரமாட்டார். இரண்டு, மூன்று வாரம் முன்பே போட வேண்டும்.

படம் பகல் வெளிச்சத்தில் இருக்கட்டும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் எழுதுங்கள். எந்த மாடி, மின்தூக்கி உண்டா, பிரிக்க முடியுமா என்பதையும் சொல்லிவிடுங்கள். கீறல் இருந்தால் அதையும் படம் எடுத்துப் போடுங்கள். நேரில் பார்த்துவிட்டு விலையைப் பாதியாகக் குறைப்பவர்களிடம் பேரம் பேசும் தொல்லை குறையும்.

மோசடிக்காரர்களும் இங்கே உண்டு. “பணம் போட்டுவிட்டேன், இந்த இணைப்பைத் தட்டி உறுதிப்படுத்துங்கள்” என்று யாராவது குறுஞ்செய்தி அனுப்பினால் தட்ட வேண்டாம். பணம் பெறுபவர் தம் வங்கிக் கடவுச்சொல்லையோ உறுதிப்படுத்தும் எண்ணையோ யாருக்கும் தர வேண்டியதில்லை. உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்து, பணம் வந்திருந்தால் மட்டும் சாமானைக் கொடுங்கள்.

விலை போகாவிட்டால் கௌரவம் பார்க்க வேண்டாம். “இலவசம், நீங்களே வந்து இறக்கிக்கொள்ள வேண்டும்” என்று போட்டால் பல நேரம் அன்றே ஆள் வந்துவிடும். குடியிருப்பின் புலனக் குழுவில் முதலில் கேட்பது இன்னும் எளிது. இரண்டு மாடி கீழே இருப்பவருக்கு அந்தப் படிப்பு மேசை தேவைப்படலாம். லோரிச் செலவே இல்லை.

ரப்பர் மரமா, துகள் பலகையா?

எதைக் காப்பாற்றலாம், எதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்ய, சாமான் எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். மேசையைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள்.

வெளிர் மஞ்சள் நிறத்தில், சிறுசிறு கட்டைகளை ஒட்டிச் சேர்த்ததுபோல் மரத்தின் இழை தெரிந்தால் அது பெரும்பாலும் ரப்பர் மரம். பால் வற்றிய ரப்பர் மரத்தை 25, 30 ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரம் முன்பெல்லாம் விறகாகத்தான் போனது. பதப்படுத்தும் முறை கைகூடிய பிறகு, 1980களிலிருந்து அது தளவாடத் தொழிலின் முதன்மை மூலப்பொருள் ஆனது. ஜொகூரின் மூவார் வட்டாரம் அந்தத் தொழிலுக்குப் பெயர்போனது. நகரத்து அடுக்குமாடியில் நிற்கும் சாப்பாட்டு மேசை, நம் தாத்தா பாட்டிமார் விடியலில் போய்ப் பால் வெட்டிய மரம் ஒன்றிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

உணர்ச்சிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ரப்பர் மரம் திடமான மரம். தேய்த்து மெருகு பூசலாம், ஆடும் காலுக்குப் பசை போட்டு இறுக்கலாம், உடைந்த பாகத்தை மாற்றலாம். ஈரத்தில் போட்டால் மட்டும் பூஞ்சணமும் வண்டும் பிடித்துவிடும். ஆகவே நல்ல ரப்பர் மர மேசையை மழையில் நனையவிட்டு “யாராவது எடுக்கட்டும்” என்பது அதைக் கொல்வதற்குச் சமம்.

ஓரத்தில் உரிந்து, உள்ளே மரத்தூளை அழுத்தியதுபோல் தெரிந்தால் அது துகள் பலகை. மரத்தூளையும் பசையையும் சேர்த்து அழுத்திச் செய்தது. தண்ணீர் பட்டால் ரொட்டிபோல் ஊதும். ஊதியது மீண்டும் பழைய நிலைக்கு வராது. திருகாணி போட்ட துளை ஒருமுறை விரிந்தால் அடுத்த முறை பிடிக்காது. அதனால்தான் இரண்டு வீடு மாறிய அலமாரி மூன்றாவது வீட்டில் நிற்பதில்லை. அது நல்ல நிலையில் இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். ஊதிய பிறகு அது குப்பைதான்.

இரும்புக் கட்டில், அலுமினியச் சட்டம் ஆகியவற்றுக்கு எப்போதும் விலை உண்டு. ஒலிபெருக்கியில் “சூராட் காபார் லாமா” என்று கூவிக்கொண்டு வரும் வண்டிக்காரர் பல நேரம் பழைய இரும்பையும் எடுப்பார். சுருள்கம்பி மெத்தையின் உள்ளேயும் எஃகு இருக்கிறது. ஆனால் பிரித்தெடுப்பது கடினம் என்பதால் அதற்கு ஆள் கிடைப்பது அரிது. குளிர்ப்பதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் மின்னியல் கழிவு, அவற்றைத் தளவாடத்தோடு சேர்க்கக் கூடாது. குளிர்ப்பதனப் பெட்டியை வெளியே வைக்க நேர்ந்தால் கதவைக் கழற்றிவிடுங்கள். ஒளிந்து விளையாடும் குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டு மூச்சுத்திணறி இறந்த சம்பவங்கள் உலகின் பல இடங்களில் நடந்திருக்கின்றன.

லோரி பிடிக்கும்போது

யாரும் எடுக்காத சாமானுக்குக் கூலி கொடுத்துத்தான் ஆக வேண்டும். செயலி வழி லோரி பிடித்தாலும், தெரிந்த லோரிக்காரரைக் கூப்பிட்டாலும், விலை கேட்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்: எந்த மாடி, மின்தூக்கிக்குள் சாமான் நுழையுமா, லோரி நிற்கும் இடத்துக்கும் வாசலுக்கும் எவ்வளவு தூரம், பிரித்து இறக்குவது யார் வேலை. பாதி வழியில் கூலி ஏறுவது பெரும்பாலும் இவற்றைச் சொல்லாததால்தான்.

பிரிக்க முடிந்ததை முதல்நாளே பிரித்து வையுங்கள். பெரும்பாலான அலமாரிகளுக்கு ஒரு திருப்புளியும் ‘ட’ வடிவச் சாவியும் போதும். திருகாணிகளை ஒரு பையில் போட்டு, பலகையின் உள்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்து வாங்குபவருக்கு அது பெரிய உதவி. கண்ணாடியைத் தனியாக எடுத்து அட்டையில் சுற்றி, மேலே எழுதி வையுங்கள். குப்பை எடுக்கும் ஊழியரின் கை கிழிபடாமல் இருக்க அதுவே வழி.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: “இதை எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள்?” மற்றவர்களைவிடப் பாதி விலைக்கு எடுக்கிறேன் என்பவர், அனுமதி பெற்ற இடத்தில் கட்டணம் கட்டிப் போடாமல், ஏதாவது ஒரு சாலையோரத்திலோ ஆற்றோரத்திலோ கொட்டிவிட்டுப் போகலாம். சட்டவிரோதமாகக் குப்பை கொட்டுவோருக்கு அபராதமும் சிறையும் உண்டு. கொட்டிய குவியலுக்குள் உங்கள் பெயர் எழுதிய ஒரு பழைய மின்கட்டண ரசீது கிடந்தால், அதிகாரிகள் முதலில் தேடி வருவது உங்களைத்தான். இழுப்பறைகளைக் காலி செய்து பார்த்துவிட்டு அனுப்புவது பாதுகாப்பு. மறந்துபோன பிறப்புப் பத்திரமும் தாலிக்கொடியும்கூட அப்படித்தான் காணாமல் போகின்றன.

முறையாகப் போகும் சாமான் எங்கே போகிறது? கோலாலம்பூரின் குப்பை, தாமான் பெரிங்கினில் உள்ள மாற்று நிலையத்தில் அமுக்கப்பட்டு, வடக்கே உலு சிலாங்கூரில் இருக்கும் புக்கிட் தாகார் நிலநிரப்பு மையத்துக்குப் போகிறது. புக்கிட் தாகார் என்ற பெயர் தோட்டத் தமிழர்களுக்குப் புதிதல்ல. அந்த வட்டாரத் தோட்டங்களில் வேலை செய்த குடும்பங்கள் வீட்டுரிமைக்காகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தது நாடறிந்த செய்தி. தலைநகரம் வேண்டாம் என்று தள்ளும் மெத்தையும் சோபாவும் இன்று அதே பக்கத்து மண்ணில்தான் புதைகின்றன.

வாடகை வீட்டில் இருப்போர்

வாடகைக்கு இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டோடு வந்த சாமான் எவ்வளவு பழையதானாலும் அது வீட்டு உரிமையாளருடையது. ஒப்பந்தத்தோடு இணைத்த சாமான் பட்டியலைப் பாருங்கள். அகற்றும் முன் புலனத்தில் படத்தோடு கேட்டு, அவர் “சரி” என்று எழுதிய பதிலைச் சேமித்து வையுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

வீடு மாறும்போது சொந்தச் சாமானை விட்டுவிட்டுப் போவதும் செலவில்தான் முடியும். இரண்டு மாத வாடகையை வைப்புத்தொகையாகக் கட்டியிருப்பீர்கள். விட்டுப்போன சாமானை அகற்ற ஆன செலவை உரிமையாளர் அதிலிருந்து கழிப்பார். எவ்வளவு என்று பேரம் பேச அப்போது உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

குடியிருப்பு நிர்வாகம் செய்யக்கூடியது

தனித்தனியே ஒவ்வொரு வீடும் லோரி பிடித்தால் செலவு அதிகம். சேர்ந்து செய்தால் குறையும். ரோரோ தொட்டி எனப்படும் பெரிய இரும்புத் தொட்டியை லோரி கொண்டுவந்து இறக்கிவிட்டு, நிறைந்ததும் ஏற்றிச் செல்லும். தீபாவளிக்கு முன்பும் சீனப் புத்தாண்டுக்கு முன்பும் ஒரு வார இறுதியில் அதை வரவழைத்து, செலவைப் பராமரிப்புக் கணக்கிலிருந்து கொடுக்க ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் முடிவெடுக்கலாம். கோத்தோங் ரோயோங் நடக்கும்போது தொட்டி தந்து உதவும் ஊராட்சி மன்றங்களும் உண்டு. வட்டார மன்ற உறுப்பினரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பார்க்கலாம்.

தொட்டி வருவதற்கு முந்தின நாள், நல்ல சாமானை மட்டும் மண்டபத்தில் வைத்து “வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்” என்று அறிவித்தால், தொட்டிக்குள் போவது பாதியாகக் குறையும். கனமான பொருளை இறக்க முடியாத முதியவர்களும் தனியாக வாழ்பவர்களும் பெயர் கொடுக்க ஒரு தாள் ஒட்டி, இளையோர் நால்வர் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கினால் போதும். எட்டாவது மாடியில் தனியாக இருக்கும் பாட்டி பழைய கட்டிலை நடைபாதைக்குத் தள்ளுவது அலட்சியத்தால் அல்ல. இறக்கிவைக்க ஆள் இல்லாததால்.

இவ்வாண்டு தீபாவளிக்குப் புதிய சோபா வாங்க நினைப்பவர்கள், கடையில் பணம் கட்டும் முன் விற்பனையாளரிடம் ஒன்றைக் கேட்கலாம்: “பழையதை எடுத்துக்கொள்வீர்களா?” சில கடைகள் இலவசமாகவும் சில சிறு கட்டணத்துக்கும் எடுத்துக்கொள்ளும். பணம் கட்டும் முன் கேட்டால் பேச இடம் உண்டு. கட்டிய பிறகு பழைய சோபா உங்கள் கவலை மட்டும்தான்.